மகள் கிட்டாரிஸ்ட் ஆகணும் என்கிறாள், என்ன செய்வது?

வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த உங்கள் மகள், இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவே செய்யமாட்டேன், ராக் கிட்டாரிஸ்ட் ஆகப்போகிறேன் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், அவள் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்பது தப்பான வழி இல்லை. ஆனால் அவள் மனதில் இருக்கும் வேலையும் சென்னையில் நிஜமாகக் கிடைக்கும் வேலையும் ஒன்றல்ல, அதை யாராவது அவளிடம் உட்கார்ந்து பேசவேண்டும்.

சொந்தப் பாட்டு போடும் ராக் பேண்டை மட்டும் நம்பி இந்த ஊரில் வாடகை கொடுப்பது ரொம்பக் கஷ்டம். இங்கே கிட்டாரை வைத்துப் பிழைப்பவர்களில் பெரும்பாலானோர் சினிமா ரெக்கார்டிங், விளம்பர ஜிங்கிள், கல்யாண ரிசப்ஷன், கம்பெனி விழா, வீட்டில் பிள்ளைகளுக்கு கிளாஸ் என்று நாலைந்து வருமானத்தைச் சேர்த்துத்தான் மாதத்தை ஓட்டுகிறார்கள். முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது, ஆடி வந்தால் ரிசப்ஷன் வேலை அப்படியே நின்றுவிடும், அம்மன் கோயில் கச்சேரி கிடைத்தால் உண்டு.

ஸ்டுடியோ வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஹெட்போனில் கிளிக் (தாளத்துக்காக ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம்) ஓடும், முன்னால் ஒரு தாளில் பாட்டின் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எழுதியிருக்கும், பாட்டை ஒரு தடவை போட்டுக் காட்டுவார்கள், அடுத்த தடவை வாசித்தாக வேண்டும். வேகமாக சோலோ (தனி வாசிப்பு) அடிப்பவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். கிளிக்கை விட்டு நகராமல் சுத்தமாக ரிதம் வாசிப்பவரைத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள். அதனால் இன்று ராத்திரி அவள் அறை வாசலில் நின்று கொஞ்சம் கேளுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டு என்ற மெதுவான வேகத்தில் வைத்துக்கொண்டு, தடுக்குகிற அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாளா, இல்லை நன்றாக வரும் பாட்டையே ஆம்ப்ளிஃபையர் சத்தத்தை ஏற்றிவைத்து வாசித்துக்கொண்டிருக்கிறாளா? முதலாவது என்றால் நான் தைரியமாக அவள் பக்கம் பேசுவேன்.

பணத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தால் பெரும்பாலும் அன்றைய சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடும். வருஷக்கணக்கில் ராயல்டி வருவது டியூன் போட்டவருக்கும் பாட்டு எழுதியவருக்கும்தான். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பங்கை எந்தத் தயாரிப்பாளரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. ஆகவே அவள் சொந்தமாகவும் டியூன் போடட்டும், வெளியிட ஆரம்பித்தால் இந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகட்டும்.

படிப்பா கிட்டாரா என்று அவளை ஒரு பக்கம் நிறுத்தாதீர்கள். கர்நாடக சங்கீதத்தை கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டும் இன்ஜினியரிங் படித்துவிட்டு பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே வாசிக்கும் கிட்டார் 1963-ல் அவரும் அவர் அப்பாவும் வீட்டிலேயே செய்யத் தொடங்கியது, கழுத்துப் பகுதிக்குப் பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். பாதியில் விட்ட வானியற்பியல் ஆராய்ச்சியை அவர் 2007-ல் முடித்து டாக்டர் பட்டமும் வாங்கினார். (இதை அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.)

என் யோசனை இதுதான்: டிகிரி வேண்டும், ஆனால் அது அவளுக்கு எத்தனை மணி நேரத்தை மிச்சம் வைக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காலை ஆறரைக்குக் காலேஜ் பஸ் ஏறி ஓஎம்ஆர் கடைசி வரை போய் இருட்டிய பிறகு திரும்பும் படிப்பில் கிட்டார் செத்துப்போகும். வீட்டுக்குப் பக்கத்தில், மதியத்தோடு முடியும் ஷிஃப்டில் பி.காம்., பி.எஸ்சி. எது கிடைத்தாலும் போதும். கூடவே லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் ராக் அண்ட் பாப் கிரேடு தேர்வுகளை எழுதட்டும். முழுநேர இசைப் படிப்புதான் வேண்டும் என்றால் ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி இங்கேயே இருக்கிறது, ஃபீஸை நேரில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிட்டார் சத்தத்தை மாற்றும் புது பெடல் கேட்டால் தள்ளிப்போடலாம், காதைக் காக்கும் நல்ல இயர்பிளக் மட்டும் உடனே வாங்கிக் கொடுங்கள். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்குக் கால் மணிதான், டிரம்ஸ் பக்கத்தில் ரிகர்சல் மணிக்கணக்கில் போகும். போன காது திரும்பி வராது.

ராத்திரி ஷோ முடிந்து அவளை யார் கூட்டிவருவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். பெண் என்பதால் அனுப்ப மாட்டோம் என்றால் நல்ல வேலையில் பாதி கைநழுவிவிடும்.

கவுன்சலிங் விண்ணப்பத்தைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், போட்டால் சேர்ந்தே ஆகவேண்டும் என்று இல்லை. கிளிக்கோடு வாசித்த மூன்று நிமிஷ ரெக்கார்டிங் ஒன்றை அவள் எனக்கு அனுப்பட்டும், ஸ்டுடியோவில் வாசிக்கும் ஒருவரிடம் கொடுத்துக் கேட்கிறேன். அப்புறம் மூன்று பேருமாக வாருங்கள், அவள் அப்பாவும் கட்டாயம் வரவேண்டும்.