பல் கேள்வி–பதில்: லேசர் அடித்தால் சொத்தை வராதா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. கடைவாய்ப் பல்லில் வெள்ளையாகத் திட்டு தெரிகிறது. ஃப்ளூரைடு தடவி அதன்மேல் லேசர் அடித்துவிட்டால் ஆயுசுக்கும் சொத்தை வராது என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடால் பல் பழுப்பாவதால் எங்கள் ஊரில் அது என்றாலே பயம். பணம் கட்டலாமா டாக்டர்?
– தருமபுரி வாசகி

பதில்: ஆயுசுக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் அம்மா. ஆனால் லேசர் விஷயம் வெறும் கதையும் இல்லை.

வீட்டில் கடப்பா கல் மேடை இருந்தால் எலுமிச்சம்பழச் சாறு சிந்தி, துடைத்த பிறகும் வெளுத்துப்போன தடம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லில் இருக்கும் கார்பனேட்டை அமிலம் கரைத்துவிடுகிறது. பல்லின் கெட்டியான வெளிப்பூச்சான எனாமலிலும் கொஞ்சம் கார்பனேட் கலந்துதான் இருக்கிறது, அமிலம் முதலில் கை வைப்பதும் அங்கேதான். சரியான லேசரை மைக்ரோ நொடிக் கணக்கில் விட்டு விட்டு அடித்தால் எனாமலின் மேல்தோல் மட்டும் சில நூறு டிகிரிக்குச் சூடாகி அந்தக் கார்பனேட் வெளியேறிவிடும், மிஞ்சும் தாது அவ்வளவு சுலபமாகக் கரையாது. அதோடு ஃப்ளூரைடும் சேர்ந்தால் இன்னும் கெட்டி: சாதாரண எனாமல் வாயின் pH (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும், ஃப்ளூரைடு ஏறிய தாது ஏறக்குறைய 4.5 வரை தாக்குப்பிடிக்கும்.

லேசர் பட்ட எனாமல் அமிலத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை என்பதை 1960-களிலேயே ரூபி லேசரை வைத்துப் பார்த்துவிட்டார்கள். பிறகு சான்பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 9.6 மைக்ரான் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரை 20 பேரின் கடைவாய்ப் பற்களில் ஒரு பக்கம் மட்டும் அடித்து, ஃப்ளூரைடு வார்னிஷ் என்ற பூச்சை இரண்டு பக்கமும் தடவி, ஒரு வருடம் கவனித்தார்கள். லேசர் பட்ட பக்கம்தான் தேவலை. ஆனால் பாருங்கள், 20 பேர், ஒரே வருடம்.

அதனால் அந்த கிளினிக்கில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, உங்களிடம் இருப்பது என்ன லேசர் என்பதுதான். பல இடங்களில் இருப்பது ஈறு வெட்டுகிற டயோடு லேசர். அதன் ஒளியை எனாமல் பெரிதாக உறிஞ்சுவதே இல்லை, அப்புறம் எங்கிருந்து சூடாகும்? அதுதான் என்றால் நான் பணம் கட்டமாட்டேன். ஃப்ளூரைடு வார்னிஷை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவிக்கொள்ளுங்கள், கடைவாய்ப் பல்லின் மேலே இயற்கையாகவே இருக்கும் குழிகளை சீலன்ட் என்ற பூச்சு போட்டு அடையுங்கள். செலவு குறைவு, பல வருட அனுபவமும் அதற்குத்தான் உண்டு.

உங்கள் ஊர் பயம் நியாயமானது. ஆனால் தருமபுரி பற்களில் தெரியும் பழுப்பு, பல் உள்ளே உருவாகிற வயதில் தண்ணீர் வழியாக உள்ளே போன ஃப்ளூரைடால் வந்தது. முளைத்துவிட்ட பல்லின்மேல் சொட்டு வார்னிஷ் தடவுவது அந்தக் கணக்கில் சேராது. இன்னொன்று, உங்கள் மகளின் வெள்ளைத் திட்டு சொத்தையின் தொடக்கமா, தண்ணீர் செய்த வேலையா என்பதையே முதலில் பார்க்கவேண்டும். தண்ணீரால் வந்தது இடது வலது இரண்டு பக்கமும் ஜோடியாக இருக்கும். சொத்தை, அழுக்கு தங்கும் இடத்தில், ஈறு ஓரத்திலோ குழி ஓரத்திலோ தனியாக நிற்கும்.

கேள்வி: சில நூறு டிகிரி என்கிறார்களே, உள்ளே நரம்பு வெந்துபோகாதா?
– மதுரை வாசகர்

பதில்: போகும், தெரியாதவர் கையில் கிடைத்தால். பல்லின் உயிர்ச்சதை 5.5 டிகிரி கூடுதல் சூட்டுக்கே பாதிக்கப்படலாம் என்று 1965-இல் குரங்குப் பற்களில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரேயடியாக அடிக்காமல் நொடியின் மிகச் சின்னத் துளிகளாக, சூடு உள்ளே இறங்க நேரம் கொடுக்காமல் அடிப்பது. வலி பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கும் டாக்டருக்கும் அந்த லேசருக்கே உரிய பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கவில்லை என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.