ஆய்வகக் கருவியும் கிராஃபிக்ஸ் சில்லும்: காப்புரிமை பற்றிக் கேளுங்கள்

ஆய்வகக் கருவி வடிவமைப்பில் தொடங்கி, காப்புரிமை ஆவணம் எழுதும் வேலைக்கு வந்தவன் நான். ஆய்வகக் கருவி, கிராஃபிக்ஸ் வன்பொருள் ஆகிய இரண்டின் காப்புரிமை பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்வேன். வழக்கு கிழக்கு என்றால் வக்கீலிடம் போங்கள்.

தெம்பனிஸ், ஆய்வக உதவியாளர்: அண்ணே, இரத்த அணு எண்ணும் மெஷினை எங்கள் சீனியர்கள் ‘கூல்ட்டர்’ என்றே சொல்வார்கள். யார் அது?

வாலஸ் கூல்ட்டர், அமெரிக்கர். நம் சிங்கப்பூரில் இருந்தவரும்கூட. 1930களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எக்ஸ்ரே கருவிகளை விற்று, பழுது பார்த்துக்கொண்டு மணிலா, ஷாங்காய், சிங்கப்பூர் என்று சுற்றினார். போன ஆஸ்பத்திரிகளில் எல்லாம் நுண்ணோக்கியில் குனிந்தபடி அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுபவர்களைப் பார்த்தார். இங்கே ஜப்பானியர் குண்டு போட ஆரம்பித்ததும் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி இந்தியாவுக்குத் தப்பினார். அங்கிருந்து சுற்றி வளைத்து ஊர் போய்ச் சேர 1942 கடைசி ஆகிவிட்டது.

அவர் செய்தது இதுதான். இரத்தத்தை உப்புக் கரைசலில் நீர்க்க வைத்து, ஒரு நுண்ணிய துளை வழியாக இழுக்க வேண்டும். துளைக்கு இரண்டு பக்கமும் மின்முனைகள். அணு ஒன்று துளைக்குள் வரும்போது தன் பருமன் அளவுக்குக் கரைசலை விலக்குகிறது. அந்தக் கணம் மின்தடை கூடுகிறது. ஒரு துடிப்பு, ஒரு அணு. துடிப்பின் உயரத்தைப் பார்த்தால் அணுவின் பருமனும் தெரிந்துவிடும். முதல் துளையை எதில் போட்டார் தெரியுமா? சிகரெட் பெட்டியைச் சுற்றி வரும் செல்லோஃபேன் தாளில், சூடான ஊசியால்.

‘ஓட்டைக்கெல்லாம் காப்புரிமை கிடைக்காது’ என்று வக்கீல்கள் சிலர் கைவிரித்ததாகச் சொல்வார்கள். 1949இல் விண்ணப்பித்து, 1953 அக்டோபரில் வாங்கிவிட்டார்: அமெரிக்கக் காப்புரிமை எண் 2,656,508. அவர் உரிமை கேட்டது ஓட்டைக்கு இல்லை, திரவத்தில் மிதக்கும் துகளை எண்ணும் ஏற்பாட்டுக்கு. எந்த ஆவணத்தை எடுத்தாலும் தலைப்பையும் படத்தையும் பார்த்துவிட்டுப் பேசாதீர்கள். கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்களைப் படியுங்கள். சொத்து அங்கேதான் இருக்கிறது.

ஈசூன், பாலிடெக்னிக் மாணவி: மிகச் சிறிய அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும், அளவை மாற்றிக்கொள்ளும் மைக்ரோபிப்பெட்டை முப்பரிமாண அச்சில் செய்து பள்ளிகளுக்குக் கொடுக்கலாமா?

அடிப்படையைத் தாராளமாகச் செய்யலாம்மா. வாயால் உறிஞ்சி அளந்த காலத்துக்கு முடிவு கட்டியவர் ஹைன்ரிக் ஷ்னிட்கர். ஜெர்மனியின் மார்பர்க்கில், 1957இல். பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் நடுவே காற்று, கழற்றிப் போடும் பிளாஸ்டிக் முனை. அளவை மாற்றும் வகையை உருவாக்கியவர்கள் வாரன் கில்சனும் ஹென்றி லார்டியும். அதற்கு 1974இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அன்றைய கணக்கில் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு, எப்போதோ முடிந்தது. ஆனால் முனையைத் தள்ளிவிடும் பொறி, பூட்டு மாதிரி பிற்காலத்து மேம்பாடுகளில் சில இன்னும் உயிரோடு இருக்கலாம். சிங்கப்பூர்ப் பதிவேட்டில் தேடுங்கள். அமெரிக்கக் காப்புரிமை இங்கே செல்லாது. தேடும்போது உரிமைக்கோரலை... புரிந்திருக்கும்.

பொங்கோல்: என்னிடம் நல்ல ஐடியா இருக்கிறது. காப்புரிமைக்கு எவ்வளவு செலவாகும்?

ஐடியாவுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்துகாட்டும் வழிக்குத்தான். கட்டண விவரம் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் தளத்தில் இருக்கிறது.

உட்லண்ட்ஸ்: இங்கே குடியிருந்துகொண்டு நேரே அமெரிக்காவில் விண்ணப்பிக்கலாமா?

கூடாது. முதலில் இங்கே விண்ணப்பித்து இரண்டு மாதம் காத்திருங்கள், அல்லது காப்புரிமைப் பதிவாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பலருக்கு இது தெரியவே தெரியாது.

ஜூரோங், மென்பொருள் பொறியாளர்: கிராஃபிக்ஸ் வன்பொருளில் ‘எக்ஸார்’ கர்சருக்குக் காப்புரிமை கொடுத்தார்களாமே. அநியாயம் இல்லையா சார்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். கேட்ராக் நிறுவனத்தின் அமெரிக்கக் காப்புரிமை எண் 4,197,590, 1980 ஏப்ரலில் வழங்கியது. எக்ஸார் என்றால், இரண்டு இலக்கமும் வேறானால் 1, ஒன்றானால் 0. திரை நினைவகத்தில் 0110 என்று இருக்கிறது. கர்சர் வரும் இடத்தில் 1111ஐ எக்ஸார் செய்தால் 1001, எல்லாம் தலைகீழ், கர்சர் தெரிகிறது. நகரும்போது அதே 1111ஐ மறுபடி எக்ஸார் செய்தால் 0110, பழைய படம் அப்படியே திரும்பிவிடும். கீழே இருந்ததைத் தனியாகச் சேமிக்க இடமே வேண்டாம். நினைவகம் தங்க விலை விற்ற காலம் அது. ஒரே குறை: 256 நிலைச் சாம்பலின் நடுவில், 127ஐப் புரட்டினால் 128, கிட்டத்தட்ட அதே நிறம். கர்சர் கண்ணுக்கே தெரியாது.

ஜூரோங்: அதைத்தான் சொல்கிறேன், முதலாம் ஆண்டுக் கணக்கு அது. அதற்கு எத்தனை நிறுவனங்களிடம் பணம் வாங்கினார்கள்!

வாங்கினார்கள்தான். ஆனால் எக்ஸார் கணக்கு யாருக்கும் சொந்தமாகவில்லை. திரை நினைவகத்தில் ஒரு படத்தை இப்படி எழுதி, இப்படி நீக்கிக் காட்டும் முறைதான் ஆனது.

செம்பவாங்: வார்த்தை விளையாட்டு அண்ணே. அதற்கு முன்னாலேயே பலர் செய்திருப்பார்கள்.

‘செய்திருப்பார்கள்’ போதாது தம்பி. விண்ணப்ப நாளுக்கு முந்திய தேதியோடு ஒரு கட்டுரையோ கையேடோ வேண்டும். அது கையில் இருந்தால் எந்தக் காப்புரிமையையும் ஆட்டிப் பார்க்கலாம்.

ஜூரோங்: எல்லோருக்கும் தெரிந்ததை யார் கட்டுரையாக எழுதி வைப்பார்கள்?

நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் தன் மேசைக்கு வரும் தாளைத்தான் பார்ப்பார். அதனால்தான் சில நிறுவனங்கள் தாங்கள் பதியாத உத்திகளை வேண்டுமென்றே அச்சில் வெளியிட்டு வைக்கின்றன, வேறு யாரும் பிறகு உரிமை கோர முடியாதபடி. கேட்ராக் காப்புரிமை மெலிதானது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். அநியாயம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். பார்த்த பிறகு எல்லாமே முதலாம் ஆண்டுப் பாடம்தான்.

தோ பாயோ: ஆப்பிள் நம் கிரியேட்டிவ் நிறுவனத்துக்குக் கொடுத்த பணம் கிராஃபிக்ஸ் அட்டைக்கா?

இல்லை. 2006இல் கொடுத்த 100 மில்லியன் அமெரிக்க டாலர், பாட்டுக் கருவியில் பாட்டைத் தேடிப் போகும் பட்டியல் முறைக்கு. கிரியேட்டிவ் ‘3டி பிளாஸ்டர்’ அட்டை விற்றது உண்மை. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உரிமைக்கோரல், உரிமைக்கோரல், உரிமைக்கோரல்.

பீஷான்: ஆபீஸ் வேலையில் நான் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்?

அது உங்கள் வேலையின் பகுதி என்றால், பெரும்பாலும் முதலாளிக்கு. கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் இருக்கும்.

புக்கிட் பாத்தோக்: ஐடியா ஒன்று இருக்கிறது, எவ்வளவு...

பொங்கோல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜூரோங்: சார், கடைசியாக ஒன்று. நானே ஒரு சுழல் கலக்கி செய்திருக்கிறேன், திரையில் வேகம் தெரியும். மின்சுற்றுப் படத்தை இங்கே போடவா?

போடாதீர்கள்! முதலில் விண்ணப்பம். சிங்கப்பூரில் சில நிலைமைகளில், வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகை உண்டு. எல்லா நாடும் அப்படி இல்லை. விண்ணப்ப எண் வந்த பிறகு காட்டுங்கள், எக்ஸார் சண்டையையும் அப்போது தொடரலாம்.