இருபது சொல் வேண்டாம், மூன்று வரி போதும்

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், பதினோராம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறியதிலிருந்து திணறுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் இருபது ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தும் ஆங்கில வகுப்பில் கேட்கும் சம்மரியை, அதாவது ஒரு பத்தியின் சுருக்கத்தை, எழுத வரவில்லை. சட்டம் படிக்கும் அவள் ஆசை இதோடு போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அந்த வகுப்புகள் பேசும் கூச்சத்தைப் போக்கும். உங்கள் மகளுக்கு இருக்கும் சிக்கல் வேறு.

அது எந்தச் சிக்கல் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். அவள் இதுவரை படிக்காத ஓர் ஆங்கிலப் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று தமிழில் உங்களிடம் சொல்லட்டும். மூன்றே வாக்கியம். தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டால் அவளுக்குச் சுருக்கத் தெரிகிறது, ஆங்கிலச் சொற்கள்தான் கைவசம் இல்லை. தமிழிலும் தடுமாறினால் பத்தியே புரியவில்லை என்று பொருள். அப்போது சம்மரியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை, இன்னும் எளிய பத்திக்கு இறங்க வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம்: முதல் வாக்கியம், நடுவில் ஒன்று, கடைசி வாக்கியம் என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பாள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது வகைதான். பத்து வருடங்களாக கைடில் இருக்கும் சுருக்கத்தைப் படித்து எழுதிப் பழகியவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு அது நல்லதுதான். ஆங்கிலம் தெரிந்த அப்பாவாக இருந்தால் மகள் அரைகுறையாகச் சொன்னதைத் தானே நிரப்பிப் புரிந்துகொண்டுவிடுவார். நீங்கள் "யார் செய்தார்கள்? ஏன்? அப்புறம் என்ன ஆயிற்று?" என்று உண்மையாகவே கேட்பீர்கள். அவள் திரும்பப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். வாரத்தில் மூன்று நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் இதைச் செய்தால் போதும்.

இனி சொற்களுக்கு வருகிறேன். சொல் வளத்தையும் சம்மரியையும் இரண்டு தனி வேலைகளாக வைத்திருப்பதுதான் கோளாறு. ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யவில்லை. ஒருவர் தன் இரண்டு மாடுகளையும் விற்றார். இன்னொருவர் மனைவியின் நகையை அடகு வைத்தார். தெருவில் பாதிப் பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இது எளிய ஆங்கிலத்தில் இருந்தால் உங்கள் மகள் ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்வாள். சம்மரி எழுதச் சொன்னால் மாடு விற்றதையும் திருப்பூர் போனதையும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவாள். அது சுருக்கம் இல்லை, வெட்டு. வறட்சி விவசாயிகளின் பிழைப்பைக் கெடுத்து அவர்களை ஊரைவிட்டுப் போகவைத்தது என்பதுதான் சுருக்கம். இதை ஆங்கிலத்தில் எழுத 'ட்ரவுட்' (வறட்சி), 'லைவ்லிஹுட்' (பிழைப்பு), 'மைக்ரேஷன்' (இடம்பெயர்தல்) என்ற மூன்று சொற்கள் வேண்டும். மூன்றும் அந்தப் பத்தியில் எங்குமே இல்லை! பத்தியிலிருந்து எடுத்து எழுத முடியாது, அவளிடம் இருந்தால்தான் எழுத முடியும்.

ஆகவே அவள் முதலில் சேர்க்க வேண்டியவை இப்படிப் பல விவரங்களை ஒரே பிடியில் அடக்கும் பொதுச் சொற்கள். 'ஷார்ட்டேஜ்' (பற்றாக்குறை), 'பொல்யூஷன்' (மாசு), 'டிஸ்க்ரிமினேஷன்' (பாகுபாடு), 'இன்கம்' (வருமானம்), 'டிசீஸ்' (நோய்), 'கான்ஃப்ளிக்ட்' (மோதல்) போன்றவை. அடுத்தது, ஆசிரியர் அந்தப் பத்தியில் என்ன செய்கிறார் என்று சொல்லும் வினைகள்: 'ஆர்க்யூ' (வாதிடு), 'எக்ஸ்ப்ளெயின்' (விளக்கு), 'க்ரிட்டிசைஸ்' (குறை சொல்), 'கம்பேர்' (ஒப்பிடு), 'சஜஸ்ட்' (யோசனை சொல்), 'வார்ன்' (எச்சரி). "ஆதர் சேஸ்" (ஆசிரியர் சொல்கிறார்) என்று ஐந்து முறை எழுதும் பிள்ளைக்கு, ஆசிரியர் எச்சரிக்கிறாரா, குறை சொல்கிறாரா என்ற வேறுபாடே கண்ணில் படாமல் போகிறது. சொல் கிடைத்தால் வேறுபாடும் தெரியும்.

மூன்றாவது வகை சிறிய சொற்கள். 'ஹவ்எவர்' (ஆனால்), 'ஆல்தோ' (என்றாலும்), 'தேர்ஃபோர்' (ஆகவே), 'அன்லெஸ்' (இல்லாவிட்டால்), 'டெஸ்பைட்' (இருந்தபோதிலும்). மனப்பாடப் பட்டியல்களில் இவை அநேகமாக இருப்பதில்லை, ஏனென்றால் பார்க்க எளிதாக இருக்கின்றன. கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஓர் அமைப்பைப் பாருங்கள்: பலர் இப்படி நம்புகிறார்கள் என்று தொடங்கி நான்கு வரி போகும், ஐந்தாவது வரி 'ஹவ்எவர்' என்று ஆரம்பிக்கும். ஆசிரியரின் சொந்தக் கருத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதைக் கவனிக்காத மாணவர், ஆசிரியர் மறுக்க வந்த கருத்தையே ஆசிரியரின் கருத்தாக எழுதிவைத்துவிடுவார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் முழுச் சம்மரியும் தப்பாகிவிடும்.

இருபது சொல் பட்டியலை நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இருபது என்றால் ஆண்டுக்கு 7,300 சொற்கள். யாருக்கும் அது தங்காது. படித்தது மறந்துபோகும் வேகத்தை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் தன்னையே வைத்துச் சோதித்து வெளியிட்டார். முதல் ஓரிரு நாட்களில்தான் பெரும்பகுதி நழுவிப்போகிறது. அதனால் மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை திரும்பப் பார்த்த ஐந்து சொற்கள், ஒரே நாளில் உருப்போட்ட இருபதைவிட மேல். அகரவரிசைப் பட்டியலில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'அடாப்ட்', 'அடாப்ட்', 'அடெப்ட்' என்று ஒன்றுபோல ஒலிக்கும் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒன்றையொன்று குழப்பிவிடும். (முதல் இரண்டையும் தமிழில் எழுதினால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை, உங்கள் மகளிடம் எழுத்துக்கூட்டிக் காட்டச் சொல்லுங்கள்.)

நோட்டில் சொல்லுக்கு எதிரே தமிழ் அர்த்தம் மட்டும் எழுதினால் அந்தச் சொல் அடையாளம் தெரியும், பயன்படுத்த வராது. மழை பலமாகப் பெய்தால் ஆங்கிலத்தில் 'ஹெவி ரெயின்' என்பார்கள், 'பிக் ரெயின்' என்பதில்லை. குற்றத்தை 'டூ' செய்வதில்லை, 'கமிட்' செய்கிறார்கள். முடிவை 'மேக்' செய்கிறார்கள். எந்தச் சொல் எதோடு சேர்ந்து வரும் என்பதைச் சொல்லோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். அவள் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது முதலில் கண்ணில் பட்ட வாக்கியம், அதனோடு வந்த துணைச்சொல், பிறகு உங்கள் வீட்டையோ கடையையோ பற்றி அவளே எழுதிய ஒரு வாக்கியம் இருக்கட்டும். முன்னொட்டு, பின்னொட்டு படிப்பது உதவும், ஆனால் முழுதாக நம்ப முடியாது. 'இன்' என்று தொடங்கினால் எதிர்ப்பொருள் என்று படித்த பிள்ளை, டேங்கர் லாரியில் 'இன்ஃப்ளேமபிள்' (எளிதில் தீப்பிடிக்கும்) என்று எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளும்.

எதைப் படிக்க வேண்டும்? ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படி என்று எல்லாரும் சொல்வார்கள். பதினோராம் வகுப்பின் தொடக்கத்தில் இருக்கும் தமிழ்வழிப் பிள்ளைக்கு அந்த யோசனை வெறும் தண்டனை. துணையின்றி வாசித்துப் புரிந்துகொள்ள ஒரு பத்தியின் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது, மொழி கற்றலை ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்கள் சொல்லும் அளவு. 250 சொல் பத்தியில் தெரியாத சொல் ஐந்துக்குமேல் இருக்கக் கூடாது என்று கணக்கு வருகிறது. தலையங்கத்தில் நாற்பது இருக்கும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து தொடங்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணைப்பாடக் கதைகளைவிட, தகவல் சொல்லும் உரைநடைப் பாடங்கள் சம்மரிக்கு நல்லவை.

அதைவிட நல்லது ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. பொருளியலும் வணிகவியலும் இப்போது அவள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறாள். பொருளியல் புத்தகத்தில் ஒரு பத்தியை எடுத்து மூன்று வரியில் சொந்த ஆங்கிலத்தில் எழுதினால், ஆங்கிலப் பயிற்சியும் ஆயிற்று, நாளைக்கு வகுப்புத் தேர்வுக்கும் ஆயிற்று. மாதம் இரண்டு தாண்டியதும் பொருளியல் ஆசிரியரே வேறுபாட்டைச் சொல்வார்.

எழுதும்போது உதாரணங்கள், எண்கள், திரும்பத் திரும்பச் சொன்னவை, மேற்கோள்கள் இவற்றை விட்டுவிடலாம். காரணம், விளைவு, ஆசிரியரின் நிலைப்பாடு இருந்தாக வேண்டும். மாணவரின் சொந்தக் கருத்து வரக் கூடாது. அளவு மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பலர் மூலத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள்; அப்படி எழுதினால் கை தானாகவே மூல வாக்கியத்துக்குப் போய்விடும். மூடிவைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும், பிறகு திறந்து சரிபார்க்கலாம். செல்பேசியில் சாட்பாட்டிடம் கேட்டால் ஒரு நொடியில் சம்மரி தந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தடை போடாதீர்கள். தான் எழுதி முடித்த பிறகு அதைக் கேட்டு, தான் எதை விட்டோம், அது எதை விட்டது என்று ஒப்பிட்டால் நல்ல பயிற்சிதான். வரிசை மாறினால் பயிற்சி அவளுக்கு இல்லை, செல்பேசிக்கு.

மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் கேள்விகள் 20. ஒத்த சொல், எதிர்ச்சொல் கேள்விகள் அவற்றில் அடங்கும். சம்மரியும் நோட்-மேக்கிங்கும் (குறிப்பெடுத்தல்) 5 மதிப்பெண் பகுதியில் வருகின்றன. இவ்வளவுக்குத்தானா இந்தப் பாடு என்று கேட்டால், பன்னிரண்டாம் வகுப்போடு முடிகிற விஷயமாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சட்டத்துக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைக்கும், நுழைவுத் தேர்வு கிடையாது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கிளாட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கிளாட்டில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலப் பகுதியில் மட்டுமல்ல, சட்டம் சார்ந்த தர்க்கம், பொதுத் தர்க்கம், நடப்பு நிகழ்வுகள் எல்லாமே நீண்ட பத்தியைக் கொடுத்து அதிலிருந்துதான் கேட்கிறார்கள். வேகமாகப் படித்து, சாரத்தைப் பிடித்து, 'ஹவ்எவர்' எங்கே திரும்புகிறது என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கான தேர்வு அது. பட்டியல் மனப்பாடம் அங்கே செல்லாது.

பிற்பாடு அவள் மனம் மாறினாலும் இது வீணாகாது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்குக் கட்டாய ஆங்கிலத் தாள் உண்டு, அதில் சுருக்கி எழுதுதல் ஒரு பெரிய கேள்வி. தகுதி பெற 25 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தகுதித் தாளிலும் சுருக்கி வரைதல் இருக்கிறது.

கடைசியாக, பேசாமல் தமிழ்வழிக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு அவசரப்பட்டு ஆம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு விதிகளைச் சேர்த்து யோசியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப் படிப்புக்கும் உண்டு. அதற்குப் பயிற்றுமொழி தடையில்லை. அரசுப் பள்ளியைவிட்டு வெளியே போகாமல் இருந்தால் போதும். ஆனால் மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தரப்படும் 20 சதவீத முன்னுரிமைக்கு, அந்த வேலைக்குக் கேட்கும் கல்வித் தகுதிவரை பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைக்குப் பட்டமும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். அரசு வேலைதான் அவள் முதல் விருப்பம் என்றால் இந்த இழப்பு சிறியதல்ல, இப்போதே தலைமையாசிரியரைப் பார்த்து மாறுவதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நீதிமன்றத்தில் வாதாட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள் என்றால் ஆங்கிலவழியிலேயே இருக்கட்டும். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்துவிடாமல் அரையாண்டு வரை பொறுங்கள். அந்த விடைத்தாள்களையும் அவளுடைய சொல் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஜனவரியில் அவளோடு ஒருமுறை நேரில் வாருங்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, விடைத்தாள் வேண்டும்.