ரிமோட்டை அணைத்தால் என்ன ஆகும்?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மாடல் ஹெலிகாப்டர் பறக்கவிடும் நண்பர்கள் இந்த வாரம் கேட்டவை. ரேடியோ (கையில் பிடிக்கும் ரிமோட்), ரிசீவர் (ஹெலியில் சிக்னலைப் பிடிக்கும் பெட்டி), ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் ரிசீவர் தானாகப் போகும், முன்பே பதிந்த நிலை) சம்பந்தப்பட்டதற்கு மட்டும் பதில். எந்தச் சோதனையானாலும் முதலில் மெயின் பிளேடு, டெயில் பிளேடு இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

450 சைஸ் ஹெலி. கலெக்டிவை (மெயின் பிளேடுகளின் கோணத்தை ஒன்றாக மாற்றும் கட்டுப்பாடு) வேகமாகத் தூக்கினால் ஒரு நொடி கட்டுப்பாடு போய் வருகிறது. ரேடியோவை மாற்றிவிடட்டுமா அண்ணே? (காவேரிப்பட்டணம்)

காசை வீணாக்காதீர்கள் தம்பி. இது சிக்னல் கோளாறு மாதிரி தெரியவில்லை, வோல்டேஜ் பஞ்சம். நான்கு டிஜிட்டல் சர்வோவும் (பிளேடுகளின் கோணத்தை அசைக்கும் சின்ன மோட்டார்கள்) ஒரே நேரத்தில் இழுக்கும்போது இ.எஸ்.சி.க்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) தாங்காமல் படுத்துவிடும். வோல்டேஜ் 3.5க்குப் பக்கத்தில் இறங்கினால் பல ரிசீவர்கள் அணைந்து மறுபடி எழும். அந்த இடைவெளிதான் உங்கள் ஒரு நொடி.

ரிசீவரில் காலியாக உள்ள சேனலில் வோல்ட்மீட்டரைச் செருகுங்கள். பிளேடு இல்லாமல், ஸ்வாஷ் பிளேட்டை (சர்வோ அசைவைப் பிளேடுக்குக் கொண்டுபோகும் தட்டு) கையால் லேசாக அழுத்திக்கொண்டு இரண்டு ஸ்டிக்கையும் கலக்குங்கள். 5 வோல்ட் 4.5க்குக் கீழே போனால் தனி பி.இ.சி. போடுங்கள். கெபாசிட்டர் வோல்டேஜில் விழும் சின்னப் பள்ளத்தைத்தான் நிரப்பும், பெரிய குழியை அல்ல.

எனக்கும் இதே கதை நடந்தது. புது ரிசீவர் வாங்கி, ஆண்டெனாவை நாலு விதமாக ஒட்டி, இரண்டு வாரம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் ரிசீவருக்கு மின்சாரம் போகும் வழியில் இருந்த ஐம்பது ரூபாய் ஸ்லைடு சுவிட்ச்! பிரித்தபோது உள்ளே பித்தளைத் தகடு புகை படிந்த பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடந்தது.

ஆண்டெனா நீளமாகத் தொங்குகிறது. வெட்டலாமா? (பர்கூர்)

கூடாது. நுனியில் மெல்லிசாகத் தெரியும் 31 மில்லிமீட்டர்தான் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம். அதுதான் சிக்னலைப் பிடிக்கிறது. இரண்டு ஆண்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் ஃபைபர் ஃபிரேமுக்கு வெளியே நீட்டிவிடுங்கள். கார்பன் சிக்னலை மறைக்கும்.

ஃபெயில்சேஃபில் ஹோவர் த்ராட்டிலை (ஒரே இடத்தில் மிதக்கத் தேவையான மோட்டார் வேகம்) வைத்திருக்கிறேன். சிக்னல் திரும்பும்வரை அப்படியே நிற்கும் அல்லவா? (பாலக்கோடு)

நிற்காது. உங்கள் ஹெலியில் ஜி.பி.எஸ். கிடையாது, காற்று அடித்த பக்கம் போகும். 325 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால் நுனி மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. த்ராட்டில் பூஜ்யம், மற்ற சேனல்கள் கடைசி நிலையில். அவ்வளவுதான்.

அண்ணே, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 50 மீட்டர் உயரத்தில் மோட்டாரை நிறுத்தினால் கல் மாதிரி விழும். அரை நொடி சிக்னல் போனதற்கு இந்தத் தண்டனையா? (ஓசூர்)

பாதி நியாயம். ஆனால் பெரும்பாலான ரிசீவர்கள் சிக்னல் போன அந்த நொடியே ஃபெயில்சேஃபுக்குப் போவதில்லை, கொஞ்ச நேரம் கடைசிக் கட்டளையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் சிக்னல் வராவிட்டால் ஹெலி போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஃபெயில்சேஃப் ஹெலியைக் காப்பாற்ற இல்லை. எதிர்க்கரையில் ஆடு மேய்க்கிறாரே, அவருக்காக.

அப்படியானால் கலெக்டிவை மைனஸில் பதிந்துவைத்து ஆட்டோரொடேஷனில் (மோட்டார் இல்லாமல், காற்றில் சுழலும் பிளேடை நம்பி) இறக்கலாமே? (தருமபுரி)

கடைசி நேரத்தில் பிட்ச் (பிளேடின் கோணம்) ஏற்றித் தரையில் வைப்பது யார்? சிக்னல்தான் இல்லையே! அந்த நேரம் ஹெலி தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தால் மைனஸ் பிட்ச் அதை மேலே தூக்கும். அதையும் யோசியுங்கள்.

எனக்கு இன்னும் ஹோவர்தான் சரி என்று படுகிறது. (பாலக்கோடு, மறுபடியும்)

படட்டும். என் பக்கத்தில் நின்று பறக்கவிடாதீர்கள்.

த்ராட்டிலை ரிவர்ஸ் செய்த பிறகு, ரிமோட்டை அணைத்தால் மோட்டார் சீறுகிறது. (ஊத்தங்கரை)

ரிசீவரில் பழைய கீழ் நிலை பதிவாகியிருக்கிறது. இப்போது அதுவே முழு த்ராட்டில். ஃபெயில்சேஃபை மறுபடி பதியுங்கள். பைண்ட் (ரிமோட்டையும் ரிசீவரையும் இணைப்பது) செய்யும்போதே பதிகிற ரிசீவர் என்றால் த்ராட்டிலைக் கீழே வைத்து மறுபடி பைண்ட். சோதிக்க, பினியனை (மோட்டாரின் சின்னப் பல்சக்கரம்) பெரிய பல்சக்கரத்திலிருந்து விலக்கி மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள், நிற்க வேண்டும். பிளேடு? கழற்றியாகிவிட்டதா?

உயரழுத்த மின்கம்பி சிக்னலைக் கெடுக்குமா? (மத்தூர்)

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தொந்தரவு செய்வது அரிது. கம்பியில் ஹெலி மோதுவது அரிதல்ல. தள்ளிப் போங்கள்.

என் ரேடியோ எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?

இந்தக் கேள்வி இது மூன்றாவது. 200 மீட்டரில் 450 ஹெலியின் மூக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாது, கிலோமீட்டர் எதற்கு? ரேஞ்ச் செக் நிலையில் (ரிமோட்டின் சக்தியைக் குறைத்துச் சோதிப்பது) வைத்து 30 காலடி நடந்து பாருங்கள்.

ஓசூர்ப் பக்கம் எங்கே பறக்கவிடலாம்?

டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை (எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசு இணைய வரைபடம்) பாருங்கள். பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, ஞாபகம் வையுங்கள்.

கல்யாணத்துக்குக் கேமரா ட்ரோன் எது வாங்கலாம்?

போட்டோ ஸ்டுடியோக்காரரைக் கேளுங்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் பிளேடைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையாக இருக்கிறதே அண்ணே? (காவேரிப்பட்டணம்)

மெயினில் இரண்டு போல்ட்தானே தம்பி.