யாரும் ஆடாத ஆட்டமா?

கேள்வி: பங்கஜ் அத்வானி இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்றவர் என்று சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் வெள்ளைக்காரன் விட்டுப்போன கிளப் ஆட்டங்கள்தானே? நான்கைந்து நாட்டுக்காரர்கள் மட்டும் ஆடும் ஆட்டத்தில் பட்டம் வாங்குவதை நம் ஆனந்தின் சாதனைக்குப் பக்கத்தில் வைக்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஆனந்தின் பெயரை நீங்களே எடுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அவர் சதுரங்கத்தில் ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) உலகச் சாம்பியன் ஆனது 2000ஆம் ஆண்டில். அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே, 1958இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் (தொழில்முறை சாராத) பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்ற வில்சன் ஜோன்ஸ்தான், தனிநபர் விளையாட்டு ஒன்றில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர். 1964இல் நியூசிலாந்தில் அதே பட்டத்தை மீண்டும் வென்றார். ஆனந்தைக் கொண்டாடும் நாம் ஜோன்ஸின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்பது பில்லியர்ட்ஸுக்குப் பொருந்தும்; ஸ்நூக்கருக்குப் பொருந்தாது. 1875இல் ஜபல்பூரில், ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில், ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த மேசை ஆட்டத்தின் சிவப்புப் பந்துகளோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி உருவாக்கிய ஆட்டம் அது. (பிரிட்டனின் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறொருவர்.) அதன் விதிகள் ஒழுங்குபெற்ற இடம் ஊட்டி கிளப். ஆடியவர்கள் ஆங்கிலேயர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இங்கே பிறந்து இங்கிலாந்துக்குப் போன ஆட்டத்தை அங்கிருந்து வந்த மிச்சம் என்று சொல்வது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும்.

ஆடுவோர் குறைவு என்ற உங்கள் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பில்லியர்ட்ஸ் இன்று சில நாடுகளில்தான் முனைப்பாக ஆடப்படுகிறது. அதற்குக் காரணம் அந்த ஆட்டத்தின் எளிமை அன்று, அதன் மேதைகள் எட்டிய துல்லியம். 1932இல் ஆஸ்திரேலியரான வால்டர் லிண்ட்ரம், லண்டனில் ஜோ டேவிஸுக்கு எதிராக ஒரே பிரேக்கில், அதாவது முறை எதிராளிக்குப் போகாமல் தொடர்ந்து ஆடியே, 4,137 புள்ளிகள் எடுத்தார். மூன்று பந்துகளையும் மேசையின் விளிம்பான குஷனை ஒட்டி நெருக்கமாக வைத்துக்கொண்டு, தொட்டும் தொடாமலும் தட்டி, கேனன்மேல் கேனனாக (தன் பந்தால் மற்ற இரண்டையும் தொடுவது கேனன்) அவர் சேர்த்துக்கொண்டே போக, எதிராளி நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தில் தேர்ச்சி முற்ற முற்றப் பார்ப்பவர்களுக்கு அலுப்பும் கூடியது. விதிகளை மாற்றி அதற்குக் கடிவாளம் போட்டும் போன கூட்டம் திரும்பவில்லை. ஜோ டேவிஸ் மாற்றுவழியை முன்பே கண்டிருந்தார். 1927இல் முதல் தொழில்முறை உலக ஸ்நூக்கர் போட்டி நடக்க வழிசெய்து, அதில் தாமே வென்று, 6 பவுண்டு 10 ஷில்லிங் பரிசு பெற்றார். அந்த ஸ்நூக்கரின் 1985 உலகப் போட்டி இறுதியாட்டத்தில், கடைசி ஃபிரேமின் (சுற்றின்) கடைசிக் கருப்புப் பந்தில் டென்னிஸ் டெய்லர் ஸ்டீவ் டேவிஸை 18–17 என்று வீழ்த்தியதை, நள்ளிரவு தாண்டியும் தொலைக்காட்சியின் முன் விழித்திருந்து பார்த்தவர்கள் பிரிட்டனில் மட்டும் 1 கோடியே 85 லட்சம் பேர். யாரும் சீண்டாத ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் கூடுவதில்லை.

நீங்கள் எழுப்பும் தகுதிக் கேள்விக்கு மைக்கேல் ஃபெரேரா 1981இலேயே பதில் சொல்லிவிட்டார். பில்லியர்ட்ஸில் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் பிரேக் எடுத்த முதல் அமெச்சூர் வீரரான அவர், கவாஸ்கருக்குப் பத்ம பூஷண் வழங்கிய அரசு தமக்கு அறிவித்த பத்மஸ்ரீயை ஏற்க மறுத்தார். மூன்றாவது முறை உலகப் பட்டம் வென்ற 1983இல் அவருக்கும் பத்ம பூஷண் கிடைத்தது.

இனி அத்வானி. உங்கள் ஊரிலேயே, கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கத்தில், அரவிந்த் சாவூரிடம் பயின்றவர். அவர் வென்ற ஸ்நூக்கர் பட்டங்கள் அமெச்சூர் பிரிவைச் சேர்ந்தவை; ஷெஃபீல்டில் தொழில்முறை வீரர்கள் மோதும் உலகப் பட்டம் அவற்றினும் பெரிது என்பதைச் சென்ற இதழிலேயே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. ஆனால் பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகளை மெல்ல மேய்க்கும் கை வேறு, ஸ்நூக்கரில் 22 பந்துகளுக்கிடையே தொலைவிலிருந்து பந்தைக் குழியில் தள்ளும் கை வேறு. 2017 நவம்பரில் தோஹாவில் முதலில் உலக பில்லியர்ட்ஸ் பட்டத்தையும், அதே மாதக் கடைசியில் உலக ஸ்நூக்கர் பட்டத்தையும் வென்றவர் அத்வானி. ஆனந்தோடு யாரையும் தராசில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவர் பக்கத்தில் உட்காரும் தகுதி இவருக்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

2025இல் அதே தோஹாவில் உலக ஸ்நூக்கர் பட்டம் வென்ற சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரனுக்கும் இந்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.