கேரவன் நெளிவதற்குப் பின்கோடிப் பாரம்தான் காரணமாக இருக்கும்

80 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கேரவன் பாம்பு போல நெளிகிறது, தண்ணீர் கேன்களும் டூல் பாக்ஸும் பின்கோடியில் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். என் சந்தேகம் அந்தக் கேன்கள் மேல்தான். கனமானதையெல்லாம் சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வைத்துக் கட்டுங்கள். மேல் அலமாரியில் துணிமணி போதும். அப்புறம், சமதளத்தில் நிறுத்தி, இணைப்புக் கொக்கியில் இறங்கும் எடையை அளந்து பாருங்கள். பொதுவாக, சாமான் ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் வேண்டும். 1,200 கிலோ என்றால் 60 முதல் 84 கிலோ. ஆனால் காருக்கும் கொக்கிக்கும் குறித்திருக்கும் வரம்பைத் தாண்டக் கூடாது. டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். மறுபடி நெளிந்தால் பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள் (நான் மிதித்துப் பட்டவன்). ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள்.