வாசகர் கேள்வி-பதில்: விசா வேண்டாம், ஆனால் ஊசி வேண்டும்

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போவது பற்றி டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரு வேண்டுகோள்: கேள்வி எழுதும்போது கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று எழுதுங்கள். பாதிக் கடிதங்களில் அது இல்லை. அது தெரியாமல் பதில் சொல்வது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது மாதிரி.

மகள் அக்ராவில் இருக்கிறாள். மார்ச் கடைசியில் தலைப்பிரசவம். மார்ச் 1ஆம் தேதி போய் நான்கு மாதம் கூட இருக்க ஆசை. எனக்கு வயது 64, தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட். கானாவுக்கு விசா தேவையில்லை என்கிறார்கள். டிக்கெட் போட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. டிக்கெட்டுக்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

விசா தேவையில்லை என்பது உண்மைதான். தென்னாப்பிரிக்காவும் கானாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2023 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சாதாரணப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஓர் ஆண்டில் மொத்தம் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். 'மொத்தம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜனவரியில் ஒரு தடவை பத்து நாள் போய் வந்திருந்தால், அந்தப் பத்தும் கணக்கில் சேரும்.

90 நாளை மூன்று மாதம் என்று எண்ணித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மார்ச் 1ஆம் தேதி இறங்கினால் அந்த நாளே முதல் நாள். மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, ஆக 61. மீதி 29 நாள் மே மாதத்தில். அதாவது மே 29 கடைசி நாள். மே 31க்கு டிக்கெட் போட்டால் இரண்டு நாள் கூடுதல். கிளம்பும்போது விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். உங்களுக்கு நான்கு மாதம் வேண்டும் என்பதால் இரண்டு வழிகள்தான். பிரிட்டோரியாவில் உள்ள கானா தூதரகத்தில் காரணத்தை எழுதிக் காட்டி முன்கூட்டியே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் போகும் தேதியைப் பிரசவத்துக்கு ஒட்டித் தள்ளிவைத்து 90 நாளுக்குள் முடித்துக்கொள்ளலாம். அங்கே போன பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்று நம்பிப் புறப்பட வேண்டாம்.

விசா இல்லை என்றால் கேள்வியே இல்லை என்று அர்த்தமில்லை. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அக்ரா விமான நிலையத்து அதிகாரிதான் முடிவு செய்வார். திரும்பும் டிக்கெட், மகளின் வீட்டு முகவரி, போன் நம்பர், அவள் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், அவளுடைய வசிப்பு அனுமதியின் நகல் ஆகியவற்றைக் காகிதமாகவே வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்பார்கள். இறங்கியதும் நெட் இருக்காது.

இனி ஊசி. 9 மாதத்துக்கு மேற்பட்ட எல்லாரிடமும் கானா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. இமிகிரேஷன் வரிசைக்கு முன்பே சுகாதாரத் துறையினர் அதைப் பார்ப்பார்கள். ஊசி போட்ட 10ஆம் நாள் முதல்தான் சான்றிதழ் செல்லும்; உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக அவ்வளவு நாள் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை ஊசி போட்டு வெள்ளிக்கிழமை பிளேன் ஏற முடியாது. இந்த ஊசி எல்லாக் கிளினிக்கிலும் கிடைக்காது. அதற்கென்று அனுமதி பெற்ற பயண மருத்துவ மையங்களில் மட்டும் போடுவார்கள், சான்றிதழான மஞ்சள் அட்டையில் முத்திரையும் அங்கேதான் விழும்.

உங்கள் வயதில் இதைச் சாதாரண ஊசியாக நினைக்கக் கூடாது. இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆன தடுப்பு மருந்து. 60 வயதுக்கு மேல் முதல் தடவையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வருவது அபூர்வம்தான், ஆனால் இளையவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, புற்றுநோய் மருந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். போடக்கூடாது என்று டாக்டர் முடிவு செய்தால் அதே மையத்தின் முத்திரையோடு மருத்துவ விலக்குக் கடிதம் தருவார். அதை ஏற்பதும் ஏற்காததும் போகும் நாட்டின் விருப்பம். ஆகவே தூதரகத்தில் முன்பே காட்டிக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

திரும்பி வரும்போதும் அட்டை வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வரும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் தென்னாப்பிரிக்கா அதைக் கேட்கிறது. அட்டை இல்லாத சொந்தக் குடிமக்களையும் 6 நாள் வரை கண்காணிப்பில் வைக்க இடமுண்டு. அந்த நோய் வெளிப்பட எடுக்கும் காலம் 3 முதல் 6 நாள். ஆறு என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. இந்த அட்டையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2012 மார்ச்சில் அட்டை சரியில்லை என்று 125 நைஜீரியர்களை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். நைஜீரியாவும் பதிலுக்குத் தென்னாப்பிரிக்கர்களைத் திருப்பி அனுப்ப, கடைசியில் தென்னாப்பிரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது.

பேரக் குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் தென்னாப்பிரிக்கக் குடிமகள் என்றால், அங்கே பிறந்தாலும் குழந்தைக்குத் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உண்டு. ஆனால் அக்ராவில் உள்ள தென்னாப்பிரிக்கத் தூதரகம் வழியாகப் பிறப்பைப் பதிய வேண்டும், காகிதம் பிரிட்டோரியாவில் உள்ள ஹோம் அஃபேர்ஸ் எனும் உள்துறை வரை போய் வரவேண்டும். உங்கள் திரும்பும் தேதிக்குள் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்துவிடும் என்று எண்ணி மூன்று டிக்கெட் சேர்த்துப் போடாதீர்கள். அவசரமாக அழைத்து வர வேண்டியிருந்தால் தற்காலிகப் பயணச் சான்றிதழ் கிடைக்குமா என்று தூதரகத்தில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

நான் தமிழ்நாட்டுக்காரன், இந்தியப் பாஸ்போர்ட். தென்னாப்பிரிக்காவில் நிரந்தர வசிப்பு உரிமை உண்டு. கம்பெனி லாகோஸுக்கு அனுப்புகிறது: முதல் வாரம் மீட்டிங், அடுத்த இரண்டு வாரம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பூட்டி ஓட்டிக்காட்ட வேண்டும். பிறகு அக்ராவில் நான்கு நாள். பிசினஸ் விசா எடுத்தால் போதும் என்கிறது எச்.ஆர்.
— ஒரு வாசகர், மிட்ராண்ட்

போதாது. மீட்டிங், ஒப்பந்தப் பேச்சு, விற்பனைப் பேச்சு ஆகியவைதான் நைஜீரிய பிசினஸ் விசாவில் அடங்கும். மெஷின் பூட்டுவது, பழுது பார்ப்பது, ஓட்டிச் சோதிப்பது, கணக்குத் தணிக்கை ஆகியவை அங்கே வேலை. இரண்டு வாரமானாலும் வேலைதான். அதற்கு டி.டபிள்யூ.பி. என்ற தற்காலிக வேலை அனுமதி வேண்டும். அதை நீங்கள் கேட்க முடியாது. உங்களை அழைக்கும் நைஜீரியக் கம்பெனி அபுஜாவில் உள்ள குடிவரவுத் துறைத் தலைமையகத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே எச்.ஆரிடம் பேசுவதைவிட லாகோஸ் கம்பெனியிடம் பேசுவது நல்லது. பிசினஸ் விசாவில் போய்த் தொழிற்சாலையில் பிடிபட்டால் எச்.ஆர். பதில் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிரந்தரமாக வேலைக்குப் போகிறவர்களுக்கு வழி வேறு: எஸ்.டி.ஆர். என்ற வேலை விசாவில் உள்ளே போய், பிறகு செர்பாக் என்ற வசிப்பு அனுமதி அட்டை எடுப்பார்கள்.

நைஜீரியா 2025 மே 1 முதல் இறங்கியதும் தரும் விசாவை நிறுத்திவிட்டு, குறுகிய பயணத்துக்கு இ-விசா முறைக்கு மாறிவிட்டது. வருகை அட்டையையும் பயணத்துக்கு முன்பே இணையத்தில் நிரப்ப வேண்டும். 'போய் இறங்கி வாங்கிக்கலாம்' என்று பழைய அனுபவத்தில் சொல்லும் நண்பர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நிரந்தர வசிப்பு உரிமை உங்களுக்கு இங்கே வாழ உரிமை தருகிறது. அக்ராவில் அது செல்லாது, அங்கே நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்காரர். மேலே சொன்ன 90 நாள் சலுகை உங்களுக்கு இல்லை. விசா வாங்க வேண்டும். அந்த உரிமைக் காகிதத்தால் ஒரு பயன் உண்டு: நீங்கள் இந்தியா போகாமல் பிரிட்டோரியாவிலேயே விண்ணப்பிக்கலாம். திரும்பி வரும்போது காட்டவும் அது வேண்டும். தற்காலிக விசாவில் இருக்கும் மற்ற இந்தியர்களுக்கும் ஒரு குறிப்பு: புதுப்பிக்கக் கொடுத்து ரசீது மட்டும் கையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால், திரும்பி நுழையத் தனி விசா எடுக்க நேரும்.

நீங்கள் எழுதாவிட்டாலும் ஒன்று கேட்கிறோம்: உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியா? நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் காலிதான், இன்ஷியலோடு வளர்ந்தவர்கள் நாம். இ-விசாப் படிவமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், டிக்கெட் எடுக்கும் ஏஜென்ட் பயணியின் பெயரையே இரண்டு தடவை போடுவார், தடுப்பூசி அட்டையில் நர்ஸ் இன்ஷியலை எழுதுவார். மூன்று காகிதம், மூன்று ஆள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியைத்தான் மெஷின் படிக்கிறது. அதைப் பார்த்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். அடிக்கடி பயணம் என்றால் இந்தியத் துணைத் தூதரகத்தில் பெயரைப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் எடுத்துவிடுவதே நிம்மதி.

அக்ராவிலிருந்து காரில் அபிஜான் போகத் திட்டம். ஐவரி கோஸ்ட் இ-விசா வந்துவிட்டது, பிரின்ட்டும் எடுத்துவிட்டேன். வேறு ஏதாவது?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

காரை விட்டுவிட்டு விமானத்தில் போங்கள். இல்லையென்றால் விசாவை மாற்றுங்கள். நீங்கள் பிரின்ட் எடுத்தது முன்பதிவு ஒப்புதல்தான். அபிஜான் விமான நிலையத்தில் கைரேகையும் படமும் எடுத்த பிறகே விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும். அந்த வசதி அங்கே மட்டும்தான். கானா எல்லையில் உள்ள எலுபோ வழியாகப் போய் அந்தப் பக்கம் நோயே சாவடியில் இந்தக் காகிதத்தை நீட்டினால் செல்லாது. தரைவழிக்குத் தூதரகத்தில் ஸ்டிக்கர் விசா வாங்க வேண்டும்.

'எகோவாஸ் நாடுகள் எல்லாம் ஒன்றுதானே' என்று, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பைச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கூட்டமைப்பின் 90 நாள் விசா இல்லா நடமாட்டம் உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கு. நமக்கு ஒவ்வொரு எல்லையும் ஒரு தனி நாடு. பெனினும் காம்பியாவும் எல்லா ஆப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கும் விசா இல்லாமல் திறந்திருக்கின்றன, ஐவரி கோஸ்ட் கேட்கிறது, நைஜீரியா கேட்கிறது. அபிஜான் போய்விட்டு அக்ரா திரும்பினால் கானாவின் 90 நாள் புதிதாகத் தொடங்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

என் மஞ்சள் அட்டையில் 2019ல் காலாவதி என்று இருக்கிறது. மறுபடியும் ஊசியா? — வெருலம்

வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டைகளுக்கும் அதே விதிதான். அட்டை கிழிந்தோ பெயர் அழிந்தோ இருந்தால் மட்டும், போட்ட மையத்திலேயே பதிவைப் பார்த்துப் புது அட்டை கேளுங்கள்.

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கானா விசா உறுதியாக எடுத்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் 3,500 ரேண்ட் கேட்கிறார். — ஃபீனிக்ஸ்

இல்லாத விசாவுக்கு யார் வேண்டுமானாலும் உறுதி தரலாம்.

அக்ராவில் தம்பி கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் நேராகச் சென்னை, பிறகு பழனி. ஆறு வயது மகன் என்னோடு வருகிறான், கணவர் வரவில்லை. — லெனேசியா வாசகி

இந்தியாவும் மஞ்சள் அட்டை கேட்கும். நோய் உள்ள நாட்டைவிட்டுப் புறப்பட்ட 6 நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவர் யாரானாலும், இந்தியக் குடிமகனே ஆனாலும், அட்டை இல்லை என்றால் விமான நிலையத் தனிமை முகாமில் அந்த 6 நாள் முடியும்வரை இருக்க வேண்டும். மகனுக்கும் அட்டை வேண்டும். உங்களுடையதில் அவன் பெயரைச் சேர்த்து எழுதுவது செல்லாது. அடிஸ் அபாபா வழியாகப் போனால், எத்தியோப்பியாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. இணைப்பு விமானத்துக்காக அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தவருக்கு விலக்குத் தருவது இந்தியச் சுகாதார அதிகாரியின் விருப்பம்.

கணவர் வராததால் அவருடைய சம்மதத்தைப் பிரமாணப் பத்திரமாகக் காவல் நிலையத்தில் முத்திரை வைத்து வாங்குங்கள். அவருடைய அடையாள அட்டை நகல், மகனின் முழுப் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். இவற்றை முதலில் கேட்பது அக்ரா அதிகாரி அல்ல, ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டரில் நிற்பவர். காகிதம் சரியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அபராதமும் விமானக் கம்பெனி தலையில் விழும். அதனால் அவர் திரையில் உள்ள விதியைப் பார்ப்பாரே தவிர உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். பாஸ்போர்ட்டில் பயணம் முடிந்த பிறகும் 6 மாத ஆயுள், குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று இன்றே புரட்டிப் பாருங்கள். சென்னைக்கும் பக்கம் வேண்டுமே.